இழுத்தால் இறுகும் பிடி

சிறுநீர்த் தொற்று பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதை உண்டாக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா தன் உடல்மேலுள்ள மயிர் போன்ற நுண்ணிழைகளால் சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டுகிறது என்பதோடு நிறுத்திவிட்டது. சுவாரசியமே அதற்கப்புறம்தான். இழை நுனியில் உள்ள ஃபிம்ஹெச் என்ற புரதம், சுவர்ச் செல்களின் மேலுள்ள மேனோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீர் வேகமாகப் பாய்ந்து இழுக்கும்போது அந்தப் பிடி தளர்வதில்லை, இன்னும் இறுகுகிறது! இழையும் சுருள்கம்பி போல நீண்டுகொடுத்து இழுவிசையைத் தாங்குகிறது. சிறுநீரகம் வரை ஏறும் ஈ.கோலை வகைகள் பலவற்றிடம் இன்னொரு இழையும் உண்டு, அது பிடிப்பது வேறு சர்க்கரை.

சரி, மேனோஸ் பொடியைக் குடித்து, சுவருக்குப் பதில் அதைப் பிடிக்கவைத்துக் கிருமியை ஏமாற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் 598 பெண்களிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், 6 மாதம் தினமும் கொடுத்தும் தொற்று திரும்புவது குறிப்பிடும்படி குறையவில்லை. விலையும் கொஞ்சநஞ்சமில்லை.