சேற்றுக்குச் செய்த ரயர் ஐஸில் நிற்காது

கனடாவிலும் நோர்வேயிலும் வாகனம் ஓட்டுகின்ற நம் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்கு இங்கிருந்து தொலைபேசியில் அறிவுரை சொல்லும் என்னைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் வன்னியில் லொறி ஓட்டியவன் நான். கார்த்திகை மழைக்குள் முத்தையன்கட்டுப் பக்கம் உரமூட்டை ஏற்றிக்கொண்டு வயற்பாதையில் இறங்கியவர்களுக்கு, பெரிய கட்டைகளும் அகன்ற பள்ளங்களும் கொண்ட ரயரின் அருமை தெரியும். அந்த அனுபவத்தை நம்பித்தான், ஒன்ராறியோவில் பிக்கப் வாங்கிய என் அக்காவின் மகன் பனிக்காலத்துக்கு எந்த ரயர் போடலாம் என்று கேட்டபோது, சேற்றுக்குப் போடும் ரயரையே போடு, அதைவிடப் பிடி வேறெதிலும் கிடைக்காது என்று உறுதியாகச் சொன்னேன். அவனும் கேட்டான். தை மாதத்தில், உறைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், சிவப்பு விளக்கு எரிந்த சந்தியில் நிறுத்த முடியாமல் வழுக்கிக் கடந்து, மறுகரையில் குவித்திருந்த பனிமேட்டில் மோதி நின்றான். குறுக்கே எந்த வாகனமும் வராதது கடவுள் செயல். “பிரேக் பிடிச்சது மாமா, வாகனம்தான் நிக்கேல்லை” என்று அவன் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

நமக்கு மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, அங்கே வானத்திலிருந்து விழுவதும் பனி, வீதியில் கண்ணாடிபோல் உறைந்து கிடப்பதும் பனி. இந்த ஒரே சொல்லே என்னைத் தவறாக எண்ண வைத்தது என்று நினைக்கிறேன். ரயருக்கு இவை ஒன்றல்ல. ஆகவே அங்குள்ள பிள்ளைகள் பேசுவதுபோல, வானத்திலிருந்து விழுவதை ஸ்னோ என்றும் வீதியில் உறைந்து கிடப்பதை ஐஸ் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

சேற்றில் கட்டை ரயர் என்ன செய்கிறது? மேலே உள்ள குழம்பை வெட்டிக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் இறுகிய மண்ணைத் தேடிப் பிடிக்கிறது. சில்லு சுழலச் சுழலப் பள்ளங்களில் அடைந்த சேற்றை வெளியே எறிந்துவிட்டு அடுத்த பிடிக்குத் தயாராகிறது. புதிதாக ஆழமாக விழுந்த ஸ்னோவிலும் இதே வேலை ஓரளவு நடப்பதால், அந்த ரயர் போட்டவர்கள் முதல் நாள் அதைப் புகழ்வது நியாயமானதே. ஆனால் வாகனங்கள் ஓடி இறுகிய ஸ்னோவில் நிலைமை மாறுகிறது. அங்கே பள்ளத்துக்குள் அடைந்த ஸ்னோ வீதியில் கிடக்கும் ஸ்னோவோடு ஒட்டிப் பிடிப்பது பெரிய உதவி. அதோடு, கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால், அவற்றின் விளிம்புகள் ஒவ்வொன்றும் பிடிக்கும். குளிர்கால ரயரில் அந்தக் கீறல்கள் நிறைந்திருக்கும். சேற்று ரயரின் கட்டைகளில் அவை மிகக் குறைவு.

ஐஸில்தான் உண்மையான ஆபத்து. வெட்டி இறங்குவதற்கு ஐஸுக்கு அடியில் எதுவும் கிடைக்காது. மேற்பரப்பில் கிடைக்கும் பிடிதான் மொத்தப் பிடியும். பள்ளம் அகன்றிருப்பதால் வீதியைத் தொடுகின்ற இறப்பரின் அளவு குறைகிறது. அதைவிடப் பெரிய காரணம் இறப்பரின் தன்மை. கல்லும் வேரும் கிழிக்காதபடி இந்த ரயர்களின் இறப்பரைக் கடினமாகவே செய்கிறார்கள். குளிரில் அது இன்னும் இறுகிவிடுகிறது. குளிர்கால ரயரின் இறப்பரோ, வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலும் இளகிய தன்மை மாறாமல் இருப்பதற்காகவே கலக்கப்பட்டது. இன்னொன்றையும் படித்து வியந்தேன்: பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் இருக்கும் ஐஸைவிட, பூச்சியத்தை ஒட்டி நிற்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். மருமகன் வழுக்கிய காலையும் அப்படிப்பட்டதுதான்.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் என்ற தைரியமும் அவனுக்கு இருந்தது. அந்த வசதி கிளம்புவதற்கு உதவும். நிறுத்தும்போது எல்லா வாகனத்துக்கும் நான்கு சில்லிலும்தான் பிரேக். அங்கே பிக்கப்புக்கென்று தனிச் சலுகை இல்லை.

ரயரின் பக்கச் சுவரில் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து இருந்தது என்று அவன் பிறகு சொன்னான். சேற்றுக்கும் ஸ்னோவுக்கும் ஏற்றது என்று பொருள்படும் அந்த எழுத்து ரயரின் வடிவத்தை வைத்தே பொறிக்கப்படுகிறது; ஸ்னோவில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய குறி வேறு: மூன்று சிகரமுள்ள மலை, அதன் நடுவே ஒரு பனிப்பூ. இறுகிய ஸ்னோவில் இழுவைச் சோதனையில் தேறிய ரயருக்கே அது கிடைக்கும். ஓல் டெரெயின் எனப்படும், தார் வீதிக்கும் மண்பாதைக்கும் பொதுவான நடுத்தர ரயர்கள் சிலவற்றிலும் அந்தக் குறி உண்டு. ஆனால் அந்தச் சோதனை ஐஸுக்கு உரியதன்று என்பதால், நகரத்து ஐஸ் வீதியில் நாளாந்தம் வேலைக்குப் போகின்றவர் தனியான குளிர்கால ரயரே வாங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்தக் குறியுள்ள ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனாலும் 2016 தொடக்கம் குளிர்கால ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நான்கு சில்லுக்கும் ஒரே வகை போட வேண்டும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் ஸ்னோவுக்கு அந்த ரயர் உதவாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் காற்றைக் குறைத்து ஓட்டிப் பழகிய நாம், அங்கும் அப்படியே செய்யச் சொல்லிவிடுவோம். ஆழமான ஸ்னோவில் மெதுவாக ஏறுவதற்கு அது உதவலாம். ஐஸ் வீதிக்கு வாகனத்தின் கதவோரம் எழுதியுள்ள அளவே சரி. குளிர் 5, 6 பாகை கூடும்போதெல்லாம் ரயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) தானாகவே குறைவதால், அங்கே அடிக்கடி அளந்து நிரப்ப வேண்டியிருக்கும்.

இங்கே டபுள் கப் வாகனத்துக்கு அழகுக்காகச் சேற்று ரயர் பூட்டி, மழையில் ஏ9 வீதியில் வேகமாகப் போகும் தம்பிமாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நனைந்த தாரிலும் அந்த ரயர் தரையைத் தொடுவது குறைவு, நிற்பதற்கு எடுக்கும் தூரம் அதிகம். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். தயவுசெய்து இடைவெளி விட்டு, மெதுவாக ஓட்டுங்கள்.

சென்ற கார்த்திகையில் மருமகன் புதிய ரயர்களைப் பூட்டிவிட்டு ஒரு படம் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன், மூன்று சிகரமும் பனிப்பூவும் தெளிவாகத் தெரிந்தன. பழைய நான்கையும் என்ன செய்வது என்று கேட்டான். சித்திரை வரை கராஜில் கிடக்கட்டும் என்று பதில் எழுதினேன்.