நடு ரீல்

அரிச்சந்திரன் என்றாலே நமக்கு உண்மை பேசியவர். எனக்கு என்னவோ கொஞ்ச நாளாக அது ஒரு கடன் கதையாகத்தான் படுகிறது. முனிவருக்குத் தர வேண்டிய பாக்கி, அதற்கு ஒரு கெடு, கூடவே அலையும் வசூல்காரர், காசியில் பெண்டாட்டி பிள்ளையை விற்றது, கடைசியில் தானே சுடுகாட்டில் அடிமை. ராஜாவை எடுத்துவிட்டுப் பாருங்கள், நம் தெருக் கதை.

எங்கள் திருவாரூர்ப் பக்கம் அவர் பேரில் ஓர் ஆறே ஓடுகிறது. சுடுகாட்டு வாசலில் அவர் பேரிலேயே ஒரு கல் இருக்கும், பாடையை அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மயான காண்டம் நாடகத்தில், செத்த பிள்ளையோடு வரும் சந்திரமதியிடம் அவர் கால் பணமும் முழத்துண்டும் கேட்கும் இடம் வந்தால் எங்கள் அப்பாயி முந்தானையில் மூக்கைச் சிந்தும்.

போன வாரம் பால்கேயின் 'ராஜா அரிச்சந்திரா' பார்த்தேன். 1913 மே 3ல் பம்பாய் கொரனேஷன் கொட்டகையில் வெளியான ஊமைப்படம். நாலு ரீல், 3,700 அடி. மிஞ்சியது முதல் ரீலும் கடைசி ரீலும், 1,475 அடி. (அதுவும் 1917ல் திரும்ப எடுத்ததன் துண்டுதான் என்று வாதாடுபவர்கள் உண்டு.) முதலில் ராஜா குடும்பத்தோடு சுகமாக இருக்கிறார், கடைசியில் சாமி வந்து காப்பாற்றுகிறது. கடன் கழுத்தை நெரிக்க வேண்டிய நடுப்பகுதியைக் காணோம்.

இந்தப் படம் எடுக்க பால்கே இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார், மனைவி சரஸ்வதிபாயின் நகையும் போனது. படத்தைவிட அந்த வீட்டுக் கதையைத்தான் எனக்குப் பார்க்கணும்.

அந்தக் கால நைட்ரேட் சுருள் தீப்பிடிக்கும், தானாகவே பொடியாகும். சுருளில் இருக்கும் வெள்ளிக்காகக் கழுவி விற்ற படங்களும் நிறைய. சரி, பழைய படம்தானே, போனால் என்ன என்பவர்களுக்கு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டுவேன்.

உள்ளே ஒரு புரோநோட்டு, கடனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. ரெவின்யூ ஸ்டாம்பு மேல் அப்பாவின் கோணல் கையெழுத்து. தொகை 2,400. எங்கள் வீட்டுக்கு வந்த பணம் 300, அத்தை கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கியது. நோட்டு 3 வருஷத்தில் காலாவதி. அதற்குள் வட்டியை அசலில் சேர்த்துப் புது நோட்டு எழுதுவார்கள், பழையதைக் கண் முன்னால் கிழித்துப் போடுவார்கள். கிழித்ததில் நமக்கு ஒரு நிம்மதி வேறு! குறுவை பொய்த்தது, பசுவை ஓட்டிப் போனது, அப்பாயி வாசலில் நின்று தவணை கேட்டது, எல்லாம் அந்தக் கிழிசலோடு போச்சு. நடு ரீல்.

அதனால்தான் சொல்கிறேன், வரவு வைத்த பழைய நோட்டைக் கிழிக்க விடாதீர்கள், ரத்து என்று எழுதிக் கையோடு வாங்கி வையுங்கள். இன்றைக்குக் குழுக் கடன் அட்டைக்கும் இதேதான். ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று மாறிக்கொண்டே போகிறது, பழைய அட்டை அடுப்புக்குப் போகிறது.

தாத்தாவைத் தூக்கிப் போனபோது அரிச்சந்திரன் கல் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடன் கொடுத்தவரும் நின்றாராம். கருமாதி முடிந்த மறுநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். இந்த நோட்டு அன்று எழுதியது. முதல் வரி: 'இன்று தங்களிடம் நான் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டது.'