அந்தப் பிள்ளைக்குத் தெரியும், 28 தூண்தான்

நம்ம குழுவில் முந்தாநாள் நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பத்திரிகைக் குறுக்கெழுத்தின் ஐந்து விடைகளை வைத்து ஒரு பிள்ளை கற்பனைக் கதை கட்டினாள். அதில், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 29 தூண் என்று எழுதிவிட்டாளாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "பாலத்துக்கு எத்தனை தூண் என்றே தெரியாமல் வரலாறு எழுத வந்துவிட்டாயா" என்று கேட்டார் அந்த அண்ணாச்சி. பதினைந்து நிமிடத்தில் அவள் கதையை எடுத்துவிட்டாள்.

அண்ணாச்சி, அவளுக்கு 28 என்று தெரியும். தெரிந்ததனால்தான் 29 என்று எழுதினாள்.

கதையை முழுக்கப் படித்தவர்கள் சொல்லுங்கள். அன்றைய குறுக்கெழுத்தில் அவள் எடுத்த ஐந்து விடைகள்: தூண், துண்டு, ஓணான், கணக்கு, வெட்கம். 1966-ல் பாலம் கட்டி முடிகிற நேரம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் நிற்கிற தூண்களில் ஒன்றுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஆற்றில் குளிக்க இறங்குகிறது. பார்த்த ஓணான் தலையாட்டுகிறது. விடிந்ததும் மேஸ்திரி கணக்கெடுக்கிறார், ஒன்று குறைகிறது. ஈரத்தோடு கரையேற வெட்கப்பட்டு அந்தத் தூண் தண்ணீரிலேயே நின்றுவிடுகிறது. கடைசி வரி: "அதனால்தான் இன்றைக்கும் 28."

இந்தக் கடைசி வரி 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழே இருந்தது. அதை அழுத்தாமலே ஒரு பிள்ளையைத் திட்ட முடிந்திருக்கிறது.

ஐந்து சொல்லை வைத்துக் கதை கட்டுவது சும்மா பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நம்ம பத்திரிகைக் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமில்லை; வலமிருந்து இடம், கீழிருந்து மேல் எல்லாம் உண்டு. போதாததற்கு 'சொல் குழம்பியுள்ளது' என்றும் போட்டிருப்பார்கள், எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். தப்பான விடையை வைத்துக் கதை கட்டினால் எல்லாம் வீண். அதனால் இன்னொரு சொல்லோடு ஒரு கட்டத்திலாவது வெட்டிக்கொள்கிற விடைகளை மட்டும்தான் எடுப்போம். மறுநாள் விடை வந்த பிறகு, சாயங்காலம்தான் பதிவு. முன்னாடியே போட்டால் கட்டம் நிரப்பிக்கொண்டு இருப்பவர்களுக்கு விடையைச் சொன்ன பாவம்.

சொல் வந்த வரிசையிலேயே கதையிலும் வரணும். ஒவ்வொரு சொல்லும் வேலை செய்யணும். எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறது என்றால் அந்தச் சொல் தோற்றுப்போயிற்று. 'ஓணான் என்றொரு ஆள் இருந்தான்' என்று பெயராக்கித் தப்பிக்கக் கூடாது. 'எல்லாம் கனவு' என்று முடிக்கவே கூடாது. புதிதாக எழுதுகிறவர்கள் ஐந்து சொல்லையும் முதல் பத்தியிலேயே கொட்டிவிடுவார்கள், பிறகு கதைக்கு நடக்கக் காரணமே இருக்காது. கடைசிச் சொல்லை முடிவுக்கு என்று ஒதுக்கிவைத்துவிட்டு, பின்னாலிருந்து முன்னால் யோசித்தால் வரும்.

ஆண்டில்தான் கை வைக்கக் கூடாது. ஒருமுறை 'தேநீர்' விடையாக வந்தது. ஒருத்தர், டச்சுக்காரர்களோடு நடந்த குளச்சல் போரில், 1741-ல், திருவிதாங்கூர் வீரர்கள் கடற்கரையில் கட்டன் சாயா குடிப்பதாக எழுதினார். அந்த வீரனுக்கு அக்கானி (பதநீர்) கொடுங்கள், கஞ்சி கொடுங்கள். சாயா எங்கிருந்து வரும்? ஆனால் சொல்லை மாற்ற முடியாதே. அப்போது மாற்ற வேண்டியது சம்பவத்தை. அவர் கதையை 1956 நவம்பர் 1-க்குக் கொண்டுபோனார். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று, தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு சாயாக்கடை. கதை தானாக ஓடியது. பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுபுரையில் (சாப்பாட்டுக் கூடத்தில்) தொடக்க காலத்திலேயே தக்காளி ரசம் ஊற்றுவதும் இதே கோளாறுதான். மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, 1880-க்கும் 1885-க்கும் இடையில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள்தான் நாட்டில் பரப்பினார், அதற்கு முந்தைய கதையில் வீட்டுக்கு வீடு மரச்சீனி வேகாது.

அதைவிடப் பெரிய குழி கொல்லம் ஆண்டு. பழைய திருவிதாங்கூர் ஆவணத்தில் அதுதான் இருக்கும். ஆவணியில் ஆண்டு பிறக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824 கூட்டணும், ஜனவரியிலிருந்து ஆடி வரை என்றால் 825. குளச்சல் போர் கொல்லம் 916, ஆடி மாதம். கண்ணை மூடிக்கொண்டு 824 கூட்டினால் 1740 வரும், ஒரு வருஷம் பிசகும். இந்தக் கணக்கை எங்கள் குழுவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விரலில் போடுகிறார்கள். இவர்களுக்கா அடிப்படை தெரியாது?

"படிக்கிறவன் உண்மை என்று நம்பிவிட்டால்?" என்று கேட்பீர்கள். இது நியாயமான பயம், ஒத்துக்கொள்கிறேன். 'இது கற்பனை' என்று கீழே போடுகிற வரி, வாட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டும்போது முதலில் காணாமல்போவது அதுதான். அதனால் இப்போது முதல் வாக்கியத்திலேயே 'இன்றைய ஐந்து சொற்கள் கட்டிய கதை' என்று வைக்கிறோம். வெட்டினால் கதையின் தலையே போகும். பெயர் தெரிந்த மனிதர் வாயில் வசனம் வைப்பதில்லை. மன்னர் மார்த்தாண்ட வர்மா பேச மாட்டார், குளச்சலில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் பேச மாட்டார், திவான் வேலுத்தம்பி பேச மாட்டார். பேசுவது தோணிக்காரர், கொத்தனார், சமையல்காரர், தூண், ஓணான். தூண் குளிக்கப் போனதை உண்மை என்று யார் நம்பப் போகிறார்கள்? சொல்லோடுதான் விளையாடுகிறோம், ஆண்டோடு இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

நேர விரயம் என்பவர்களுக்குப் பதில் இல்லை, அவரவர் நேரம்.

"கட்டம் போட்ட புதிரே வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிப்பு" என்றும் ஒருத்தர் எழுதியிருந்தார். ஆமாம், ஆர்தர் வின் 1913 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகையில் போட்டார். ஆனால் சொல்லைக் கொடுத்துக் கட்டச் சொல்வது நம்ம ஊர் வழக்கம்தானே? 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிக்கச் சொன்னபோது காளமேகம் முருகனைப் பாடவில்லையா? அதைச் சொல்லி மகிழ்கிற நாமே ஒரு பிள்ளை தூணையும் துண்டையும் சேர்த்தால் கோபப்படுகிறோம்.

இன்னொன்று. குளச்சல் போரில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள், டச்சுக்காரர்கள் தூரத்திலிருந்து துப்பாக்கி என்று நினைத்துவிட்டார்கள் என்று நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். யாரும் ஆதாரம் கேட்டு அவர்களைத் திட்டவில்லை. டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் லத்தீனும் தமிழும் பொறித்த கல்லறை இருக்கிறது, 1777 என்று வருஷத்தோடு. துடுப்புப் பிடித்தவர்களில் ஒருத்தர் பெயராவது எங்கேயாவது பொறித்திருக்கிறதா? தொட்டிப்பாலத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் பெயர்? அவர்களுக்கு இருப்பது கதை மட்டும்தான் அண்ணாச்சி. அந்தப் பிள்ளை தூணுக்குப் புழுக்கம் என்று எழுதியபோது எனக்கு அந்த வெயிலில் நின்றவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். அவள் அப்படி நினைத்து எழுதினாளா என்று கேட்கவில்லை. கேட்பதற்குள் கதை போய்விட்டது.

நீங்கள் வயதில் மூத்தவர். கல்வெட்டு படிக்க எங்களில் பலருக்குக் கற்றுக்கொடுத்தவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. ஒரு வரி போதும், "முழுசாகப் படிக்கவில்லை மக்கா" என்று. குழுவில் வேண்டாம், அவளுக்குத் தனியாக எழுதினாலும் போதும்.

மக்கா, நீ இதைப் படித்தால்: கதையின் பிரதி என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். அப்படியே திரும்பப் போடு. 29-ஐ 28 ஆக்காதே. கடைசி வரியை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றிவிடு. நேற்றைய கட்டத்தில் எட்டாவது விடை 'படகு'. அடுத்த முறை உன்னுடையது, நாளைக்குச் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது.