கடல் எங்கடா போச்சு?

அக்கா பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்துவிட்டு லீவுக்குப் புதுச்சேரியில் என் வீட்டில் இருக்கிறான். வந்த அன்றே என் நின்டெண்டோ ஸ்விட்ச் வீடியோ கேம் கருவியைத் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டு, செல்டா வரிசையில் 2023-இல் வந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ ஆட ஆரம்பித்துவிட்டான். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது தீர்ப்பு வந்தது.

“மாமா, இது ஏமாத்து வேலை. போன பாகத்து மேப்பையே திரும்ப வச்சு காசு வாங்கிட்டான்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ நடந்த அதே ஹைரூல் நிலம்தான் இதிலும். வானத்தில் தீவுகளையும் அடியில் ஒரு பாதாளத்தையும் சேர்த்திருக்கிறார்கள். தரை அதே தரை. ஆனால் அதை ஒரு குறை மாதிரி சொன்னான் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சோறு ஆறும்வரை பேசினேன். அவன் ரசத்துக்குப் போய்விட்டான். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

ஒரு கேமுக்கு அடுத்த பாகம் எடுப்பவர்கள் மேப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘முன்னதைவிட இரண்டு மடங்கு பெரிய உலகம்’ என்று விளம்பரம் வந்தாலே சலிப்புத் தட்டுகிறது. எனக்கு அதே தெரு வேண்டும். நான் இல்லாத நேரத்தில் அந்தத் தெருவில் என்னவோ நடந்திருக்க வேண்டும். அதை யாரும் நிற்கவைத்துச் சொல்லாமல், நானாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுநாள் கருவியைப் பிடுங்கி அவனை லூர்லின் கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். ஹைரூலின் தென்கிழக்கு மூலையில், தென்னை மாதிரி மரங்களோடு இருக்கிற மீனவக் குப்பம் அது. முதல் பாகத்தில் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. குடிசைகள், படகுகள், ஒரு குடிசைக்குள் பெட்டியைத் திறந்து காசு வைத்து ஆடுகிற சூதாட்டம். பையன் அதில் நிறைய விட்டிருக்கிறான். இப்போது போனால் ஊரைக் கொள்ளைக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். குடிசைகள் சிதைந்து கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் ஓடிப்போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் சும்மா பார்த்தான். அப்புறம், “அந்தப் பெட்டி ஆட்டம் நடத்துறவரு எங்க மாமா?” என்றான்.

மேப் புதியதாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி அவன் வாயில் வந்திருக்குமா? பழைய இடமாக இருந்ததால்தான் அவனுக்கு இழக்க ஒரு ஆள் இருந்தார். கொள்ளைக்காரர்களை விரட்டிய பிறகு ஊரைத் திரும்பக் கட்ட மரக்கட்டையும் அரிசியும் கேட்கிறார்கள். அந்த அரிசிதான் எனக்குப் பிடித்த இடம். வீடு கட்டக் கட்டை, கட்டுகிறவர்களுக்குச் சோறு. இதை எழுதியவர் எங்கேயோ வீடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

எனக்கே இப்படிப் பார்க்கத் தெரிந்திருக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது என் சித்தப்பா. அவர் ஆயுளில் ஒரு கேம் ஆடியதில்லை.

2008. அப்போது வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். கல்லூரி முதல் வருஷம். உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த கணினியில் ‘ஹாஃப் லைஃப் 2’ ஓடிக்கொண்டிருக்கிறது. (காசு கொடுத்து வாங்கிய பிரதி இல்லை. வேலைக்குப் போன பிறகு முறையாக வாங்கிப் பாவத்தைக் கழுவிவிட்டேன்.) வேற்றுலகத்தார் பூமியைப் பிடித்து ஆள்கிற கதை. நடுவில் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் போகிற கட்டம் வரும். மணலில் கால் வைத்தால் அடியிலிருந்து பெரிய பெரிய பூச்சிகள் கிளம்பிக் கடிக்க வரும். அதனால் என் கண் மணலைவிட்டு நகரவில்லை. சித்தப்பா அப்பாவைப் பார்க்க வந்தவர், அப்பா இல்லாததால் என் பின்னால் தரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

“நிறுத்து, நிறுத்து. கடலு எங்கடா போச்சு?”

“அதோ இருக்கே சித்தப்பா.”

“அது இல்லடா. போட்டு கட்டுற பாலம் எங்க நிக்குது, தண்ணி எங்க கெடக்குது? அந்தப் போட்டப் பாரு. இழுத்து ஏத்துன போட்டு இப்டியா சாஞ்சிருக்கும்? தண்ணி எறங்கிப் போயி நின்னுபோன போட்டுடா அது.”

வண்டியை நிறுத்திப் பார்த்தேன். படகுத்துறைகள் நெட்டைக் காலோடு அந்தரத்தில் நிற்கின்றன. கப்பல்கள் மணலில் கிடக்கின்றன. ஆக்கிரமித்தவர்கள் கடலையே உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்த வழியாக நான் ஏற்கெனவே இரண்டு முறை போயிருந்தேன். கண்ணில் பட்டது பூச்சி மட்டும்தான்.

சித்தப்பாவுக்கு ஏன் உடனே தெரிந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அவர் கரையில் இருந்தார். அலை ஊருக்குள் வந்து திரும்பிய பிறகு கடல் எவ்வளவு தூரம் உள்ளே போய் நின்றது என்று கையை நீட்டிக் காட்டுவார். அந்த கேம் வெளியானது அதே வருஷம் நவம்பரில். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் மண்டையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

இடத்தை வைத்துக் கதை சொல்வது என்று இப்போது எல்லா கேம்காரர்களும் பேசுகிறார்கள். அதைச் செய்கிற விதத்தில் எனக்குப் பாதி பிடிக்கவில்லை. மூலைக்கு மூலை ஒரு எலும்புக்கூடு, அதன் பக்கத்தில் ஒரு கடிதம், சுவரில் ரத்தத்தில் நாலு வார்த்தை. சாகப்போகிறவன் அத்தனை பெரிய எழுத்தில், வளைவில்லாமல் எழுதுவானா? 2007-இல் வந்த ‘பயோஷாக்’கை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் கடலடியில் கட்டிய அந்த ரேப்சர் நகரத்தில் ஆளாளுக்குத் தங்கள் ரகசியத்தை ஒலிநாடாவில் பதிந்து ஊரெங்கும் போட்டுவிட்டுப் போயிருப்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். அந்த ஆட்டத்தில் எனக்கு நின்றது ஒரு பேனர். பாழடைந்த உணவு விடுதியில் 1959 புத்தாண்டு வாழ்த்து இன்னும் தொங்குகிறது. கொண்டாட்டம் தொடங்கிய ராத்திரியே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. இரண்டு நாள் கழித்துப் புத்தாண்டு. கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம். மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கம்பத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது. சிரித்த முகம் பாதியும் ‘2012 புத்தாண்டு நல்வாழ்த்து’ வரையும் தெரிந்தது. ‘கள்’ எங்கேயோ பறந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கு ரேப்சர் ஞாபகம் வந்ததை அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உதைத்திருப்பார்கள்.

அடுத்த பாகம் என்பதை எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் நான் கை காட்டுவது ‘போர்ட்டல் 2’. முதல் ‘போர்ட்டல்’ 2007. ஒரு சோதனைக்கூடத்தில் புதிர் மேல் புதிராகத் தீர்த்துக்கொண்டு போவோம். எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். சுவர்ப் பலகை விலகிய இடுக்கில் எட்டிப் பார்த்தால், யாரோ ஒளிந்து வாழ்ந்த பொந்தும் அவர் கிறுக்கலும் தெரியும். 2011-இல் இரண்டாம் பாகம். தொடக்கத்தில் வருகிற அறைகளில் சில நாம் முன்பே தீர்த்தவைதான். இப்போது பலகைகள் பெயர்ந்து, செடி முளைத்து, கூரை திறந்து கிடக்கின்றன. விடை தெரிந்த அறைக்குள் நுழைந்ததும் கை தானாகப் பழைய இடத்தைத் தேடுகிறது. அந்த இடம் இடிந்திருக்கிறது.

அதைவிட அருமை பிற்பாடு வருகிறது. நிறுவனத்தின் அடித்தளத்துக்குக் கீழே, பழைய உப்புச் சுரங்கத்துக்குள் விழுகிறோம். அங்கிருந்து மேலே ஏறிவர வேண்டும். மிக அடியில் 1950கள். பளபளப்பான வரவேற்பு, பரிசுக் கோப்பைகள். விண்வெளி வீரர்கள், போர் வீரர்கள், ஒலிம்பிக்கில் ஆடியவர்கள் சோதனைக்கு வருகிறார்கள். ஒரு தட்டு மேலே 1970கள். இப்போது 60 டாலர் கொடுத்து வீடற்றவர்களைக் கூட்டிவருகிறார்கள். இன்னும் மேலே 1980கள். ஆள் கிடைக்கவில்லை, சொந்த ஊழியர்களையே சோதனைக்குள் தள்ளுகிறார்கள். நாம் ஏற ஏற நிறுவனம் இறங்குகிறது. முதலாளியின் குரல் ஒலிபெருக்கியில் வரும், உண்மைதான். அந்தக் குரலை அணைத்துவிட்டு வரவேற்பறைகளையும் சுவரொட்டிகளையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனாலும் கம்பெனி எப்படி நொடித்தது என்று புரியும். முதல் பாகத்தில் நாம் பார்த்த அந்தச் சுத்தமான வெள்ளைச் சுவருக்கு அடியில் இத்தனையும் இருந்தது என்று தெரிந்த பிறகு முதல் பாகமே வேறு கேம் ஆகிவிடுகிறது.

அகழாய்வு மாதிரிதான். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானியர் காலத்து மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. அதே மேட்டில் பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய கட்டடத்தின் செங்கல் சுவரும் நிற்கிறது. இன்றைக்கு அங்கே போனால் ஆடு மேயும்.

சாயங்காலம் பையனோடு கடற்கரைச் சாலையில் நடந்தேன். “நான் உன் வயசுல இருந்தப்ப இங்க மணல் கிடையாது” என்றேன். நம்பவில்லை. அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்து வர வேண்டிய மணல் அங்கேயே தங்கிப்போனது. நகரத்துக் கரை அரித்துப் போய், கருங்கல்லைக் கொட்டி வைத்தார்கள். எங்களுக்குக் கடற்கரை என்றால் கருங்கல்தான். பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததும் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. அவனுக்குக் கடற்கரை என்றால் மணல். அந்தப் பக்கம் 2022 மார்ச்சில் ஒரு பகுதி விழுந்துவிட்ட பழைய துறைமுகப் பாலம். இந்தப் பக்கம் 2014 நவம்பர் மழையில் இடிந்து, அதே உருவத்தில் திரும்பக் கட்டிய மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம். “இது ரீமேக்” என்றேன். அந்த ஜோக்குக்கு மட்டும் சிரித்தான்.

பெயர்களும் இப்படித்தான். ஊருக்குப் போகும்போது ‘குண்டு உப்பலவாடி’ என்று பலகையைப் பார்த்து, “இது என்ன பேரு?” என்றான். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. அந்த ஊர்கள் இன்னும் குண்டு கிராமங்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த விற்பனைப் பத்திரம் ஊர்ப் பலகையில் இருக்கிறது. எந்த கேம் எழுத்தாளனுக்காவது இப்படி ஒன்று தோன்றினால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியலாம்.

சரி, ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ குறையில்லாத கேம் என்று நான் வாதாடவில்லை. பையன் நாலு நாள் கழித்து நல்ல கேள்வி ஒன்று கேட்டான். முதல் பாகத்தில் நிலமெங்கும் நூற்றுக்கு மேல் சிறு கோயில்கள், கோபுரங்கள், ஹட்டேனோ கோட்டை மதிலோரம் செத்துக் கிடந்த இயந்திரக் காவலாளிகள். அந்தக் காவலாளிக் குவியல்தான் நாயகன் நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கே விழுந்தான் என்பதைச் சொல்லாமல் சொன்னது. இரண்டாம் பாகத்தில் எல்லாம் போய்விட்டன. “யாரு மாமா அள்ளுனா?” கேமுக்குள் சரியான பதில் இல்லை. ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பழைய மேப்பை வைத்துக்கொண்டதற்காக இல்லை, அந்த மேப்பின் ஞாபகத்தைத் துடைத்ததற்காகத்தான் அந்த கேமைத் திட்ட வேண்டும். சுனாமியில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டிய சுனாமி குவார்ட்டர்ஸில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளாகக் கொடுத்தார்கள். இருபது வருஷத்தில் ஒரு வீட்டு முன்னால் கீற்றுக் கொட்டகை, ஒன்றில் மாடி, ஒன்றில் பெட்டிக்கடை. ஆனாலும் உற்றுப் பார்த்தால் எல்லாவற்றிலும் அந்தப் பழைய ஜன்னல் அதே உயரத்தில் இருக்கும். அந்த ஜன்னலை மறைக்கக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். இப்போது கடலுக்குப் போவதில்லை, முட்டி வலி. பையன் கையில் கருவியைப் பார்த்ததும் அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

“டேய், அன்னிக்கு ஒண்ணு ஆடுனியே, கடலு வத்திப்போன ஊரு. அது திரும்ப வந்துச்சா?”

2007-இல் வந்த ஒரு சிறு தொடர்ச்சி கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டது. 2020-இல் வந்த ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’ அதற்கும் முந்தைய காலத்துக் கதை. இதையெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்வது?

“மூணாவது பாகம் இன்னும் வரல சித்தப்பா.”

“பதினெட்டு வருஷமாவா?” என்றார். என்னை நம்பாமல் பையனைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.