வத்தின தண்ணிக்கு கடல் தண்ணி விடாதேங்கோ
வீட்டில கொரல் (பவளம்) வளர்க்கிற உப்புத்தண்ணி டாங்கில தண்ணி வத்தி கொரல் சுருங்கினா திருகோணமலை உப்புவெளியில கடல் தண்ணி அள்ளி மட்டத்துக்கு நிரப்பினா சரி எண்டு ஒரு அண்ணை போஸ்ட் போட்டிருக்கிறார், கனபேர் ஷெயரும் பண்ணியிருக்கினம். குறை நினைக்காதேங்கோ அண்ணை, வத்திறது வெறும் தண்ணிதான், உப்பு முழுக்க உள்ளுக்கயே நிக்கும், அதுக்கு மேல கடல் தண்ணி ஊத்த ஊத்த உப்பு ஏறிக்கொண்டே போகும், இந்தக் கச்சான் வெக்கைக்குச் சொல்லத் தேவையில்ல. வத்தினதுக்கு ஆர்ஓ தண்ணிதான் (வடிகட்டி உப்பெடுத்த நல்ல தண்ணி) விடோணும். பழசை எடுத்துப்போட்டு தண்ணி மாத்தேக்கதான் கடல் தண்ணி.

சந்தேகமெண்டா கொரல் டாங்கில வேண்டாம், ஒரு வாளி கடல் தண்ணியில செய்து பாருங்கோ. மட்டத்துக்கு டேப் ஒட்டி, உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில ரெண்டு சொட்டு விட்டு நம்பரை எழுதுங்கோ, 35க்குக் கிட்ட (லீட்டருக்கு 35 கிராம் உப்பு மாதிரி) நிக்கும். ரெண்டு விரல் வத்தினாப்பிறகு கடல் தண்ணியால நிரப்பிக் கலக்கி திரும்பப் பாருங்கோ, நம்பர் பழைய இடத்துக்கு வராது, கூடத்தான் நிக்கும்.