ஜோகோவிச் இல்லாததால் மட்டும் வந்த முதலிடமா?

"ஜோகோவிச் ஆடாததால்தான் 2022இல் ஸ்பெயின் வீரர் அல்காரஸ் டென்னிஸ் உலகத் தரவரிசையில் நம்பர் ஒன் ஆனார்" என்று சிலர் சொல்வது பாதிக் கதை. ஜோகோவிச் வென்ற அந்த வருட விம்பிள்டனுக்குத் தரவரிசைப் புள்ளி தரவில்லை, தடுப்பூசி போடாததால் ஜோகோவிச் யுஎஸ் ஓபனுக்கும் வர முடியவில்லை, சரி. ஆனால் அதே வருடம் மே மாதம் மாட்ரிட் ஓபனில் அல்காரஸ் ஒரு நாள் நடாலையும் மறுநாளே ஜோகோவிச்சையும் தோற்கடித்து, இறுதியில் ஸ்வெரெவையும் வீழ்த்திக் கோப்பை வாங்கியதை ஏன் விட்டுவிடுகிறார்கள்? யுஎஸ் ஓபனும் சும்மா கிடைக்கவில்லை. சிலிச், சின்னர், டியாஃபோ என்று வரிசையாக மூன்று பேரோடும் முழு ஐந்து செட் ஆட்டங்கள். சின்னரோடு மட்டும் 5 மணி 15 நிமிடம், அதுவும் ஒரு மேட்ச் பாயிண்டில் (இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலையில்) தப்பித்து, முடியும்போது விடியற்காலை மூன்று மணி ஆகப்போகிறது. வயது 19தான். அப்புறம், அவர் நடால் அகாடமி பையன் இல்லை, வளர்த்துவிட்டவர் பயிற்சியாளர் ஃபெரேரோ. 2023 விம்பிள்டன் இறுதியில் அல்காரஸிடம் ஐந்து செட் ஆடித் தோற்றது சாட்சாத் ஜோகோவிச்தான்.