ஆர்டரைக் கேட்டா வரும், வரியைக் கேட்டா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் எழுதற தம்பிங்க இப்பல்லாம் எடுத்ததும் மோங்கோடிபிங்கற டேட்டாபேஸைத்தான் போடறாங்க. அதுல தப்பில்லீங்க. பையர் குடுக்கற ஆர்டர்னா ஒரு ஸ்டைல், அதுக்குள்ள நாலு கலர், கலருக்கு அஞ்சு சைஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பீஸ் கணக்குன்னு கலர்-சைஸுக்கு ஒரு வரி. எல்லாத்தையும் ஒரே டாக்குமென்ட்டுக்குள்ள (மோங்கோவுல ஒரு ரெக்கார்டுக்கு அந்தப் பேரு) லிஸ்ட்டா வெச்சிடலாம். ஸ்கிரீன் சட்டுனு வரும், டெமோவுல முதலாளியும் தலையாட்டிடுவாரு.

வம்பு அப்புறந்தான். ஆர்டரைத் தொடர்ந்து பாத்துக்கற மெர்ச்சண்டைசர் கேக்கறது ஆர்டரைப் பத்தி இல்லீங்க, அதுக்குள்ள இருக்கிற வரியைப் பத்தி. "நேவி எக்ஸ்எல்லுல கட்டிங் பாக்கி இருக்கிற ஆர்டரெல்லாம் எடுப்பா"ங்கறாரு. தம்பி, லிஸ்ட் பேருக்கும் பீல்டு பேருக்கும் நடுவுல புள்ளி வெச்சு, கலர் நேவி, சைஸ் எக்ஸ்எல், பாக்கி பூஜ்ஜியத்துக்கு மேலன்னு மூணு கண்டிஷன் எழுதறாரு. ஒரு ஆர்டர்ல நேவி மீடியம் 500 பாக்கி, வெள்ளை எக்ஸ்எல் 300 பாக்கி, நேவி எக்ஸ்எல் வெட்டி முடிஞ்சாச்சுன்னு வைங்க. அந்த ஆர்டரும் லிஸ்ட்டுல வந்து நிக்கும். நேவி ஒரு வரியில இருக்கு, எக்ஸ்எல் இன்னொரு வரியில இருக்கு, பாக்கியும் எங்கியோ இருக்கு, மோங்கோவுக்கு அது போதும். மூணும் ஒரே வரியில இருக்கணும்னா எலம்மேட்ச்ங்கற ஆபரேட்டரைப் ($elemMatch) போட்டுத்தான் கேக்கணும். எர்ரர் வராது, லாகுலயும் ஒண்ணும் தெரியாது. கட்டிங் மாஸ்டர் திட்டும்போதுதான் தெரியும்.

டேட்டாபேஸ் மேல எனக்குக் கோபமில்லை, அது மேனுவல்ல சொன்னபடிதான் நடக்குது. இதைச் சொல்லிக் குடுக்காம "ஸ்கீமாவே (டேட்டா எப்படி இருக்கணும்ங்கற வரையறை) வேண்டாம், ஈசி"ன்னு விக்கறவங்க மேலதான்.

"நேவி இல்லாத"ன்னு கேட்டா இன்னும் கூத்து. கலர் பீல்டுல நாட்-ஈக்வல் போட்டா, நேவி ஒரு வரியில இருந்தாக்கூட அந்த ஆர்டரே வராது. வேற கலரும் இருக்கிற ஆர்டர்தான் வேணும்னா அதையும் எலம்மேட்ச்சுக்குள்ள எழுதணும். அதே மாதிரி பாக்கி 100க்கு மேல 200க்குள்ளன்னு புள்ளி வெச்சுக் கேட்டா, 50 ஒரு வரியிலயும் 900 இன்னொரு வரியிலயும் இருக்கிற ஆர்டர் தாராளமா உள்ள வரும்.

சரியாக் கேட்டாலும் திரும்பி வர்றது முழு ஆர்டர். எதைத் திருப்பித் தரணும்னு சொல்ற ப்ரொஜெக்ஷன்ல எலம்மேட்ச் போட்டா பொருந்தற முதல் வரி மட்டும் வரும். பொருந்தற எல்லா வரியும் வேணும்னா படிப்படியா டேட்டாவை மாத்தித் தர்ற அக்ரிகேஷன்ல ஃபில்டர் போடணும்.

வேற டேட்டாபேஸுக்கு ஓடினாத் தப்பிச்சிடலாம்னு நெனைக்காதீங்க. கூகுளோட ஃபயர்ஸ்டோர்ல, லிஸ்ட்டுக்குள்ள தேடற அர்ரே-கன்டெய்ன்ஸ் முழு வரியும் அச்சு அசலா ஒத்துப்போனாத்தான் பிடிக்கும். அப்ப பாக்கி எத்தனைன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் பாக்கியையே தேடணும்! அமேசானோட டைனமோடிபியில ஃபில்டர் போடறது படிச்சு முடிச்சப்புறம். தள்ளிவிட்ட ரெக்கார்டுக்கும் சேத்துத்தான் பில்லு.

என்னைக் கேட்டா, ஆர்கானிக் சர்டிபிகேட், டேக் மாதிரி வெறும் பேரா இருக்கிறதை லிஸ்ட்டா வைங்க. இன் (ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும்), ஆல் (எல்லாமே இருக்கணும்) ரெண்டும் அதுல அழகா வேலை செய்யும். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்னு தினமும் கணக்கு மாறற கலர்-சைஸ் வரிக்குத் தனி கலெக்ஷன் (டேபிள் மாதிரி) போட்டு, ஒவ்வொரு வரியிலயும் ஆர்டர் நம்பரை எழுதிடுங்க. அப்ப மெர்ச்சண்டைசர் கேள்விக்கு சாதாரண ஃபைண்டே போதும். கலர், சைஸ், பாக்கி மூணுக்கும் சேத்து, சீக்கிரம் தேட ஒரே இன்டெக்ஸ் போட்டுக்கலாம். தினசரி ப்ரொடக்ஷன் என்ட்ரியையும் ஆர்டருக்குள்ளயே அடுக்கறவங்க, ஒரு டாக்குமென்ட்டுக்கு 16 எம்பிதான் எல்லைங்கறதையும் பாத்துக்குங்க.

"ரெண்டு டேபிளைச் சேத்துக் கேக்கற ஜாயின் வேண்டாம்னுதானே இங்க வந்தோம்"னு சிலர் கேப்பாங்க. 2015ல வந்த மோங்கோ 3.2 வெர்ஷன்லயே, ஜாயின் மாதிரி வேலை செய்யற லுக்கப் இருக்குதுங்க. ஆர்டரோட பேரும் ஷிப்மென்ட் தேதியும் வேணுங்கிற ரிப்போர்ட்டுக்கு மட்டும் அதைப் போட்டுக்கலாம். கட்டிங் டேபிள்ல நின்னுக்கிட்டு கேக்கற கேள்விக்கு அதுகூட வேண்டியதில்லை.